பழைய குங்ஃபூ படங்களைப் பார்ப்பது எப்படி: டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாங்காங்கில் 1960களிலும் 1970களிலும் எடுக்கப்பட்ட சண்டைப்படம் ஒன்றை இன்றைய பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால், கதை சூடு பிடிப்பதற்குள்ளேயே அவர்கள் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். உதட்டசைவும் குரலும் பொருந்தவில்லை, ஒவ்வொரு அடிக்கும் பலகை பிளப்பதுபோல ஓசை கேட்கிறது, வில்லனின் வெள்ளைத் தாடி ஒட்டுத்தாடி என்பது பார்த்தவுடன் தெரிகிறது. இவை குறைகளாகத் தோன்றுவதற்குக் காரணம், நடப்பதை நடந்தபடியே காட்டும் படமாக நினைத்து இவற்றைப் பார்க்க உட்காருவதுதான். உண்மையில் இவை கூத்தின் வயிற்றில் பிறந்த படங்கள். கூத்தைப் பார்க்கும் கண்ணோடு பார்த்தால் இவற்றின் அழகு முழுவதும் பிடிபடும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் பார்ப்பதற்கான வழிகளையே இங்கே எழுதுகிறேன்.

டர்பன் தமிழர்களுக்கு இந்தப் படங்கள் அந்நியமானவை அல்ல. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1976 ஜனவரியில்தான் முறைப்படி தொடங்கியது. அதற்கு முன்பு அசையும் படம் என்றால் திரையரங்குதான். நம்மவர்களுக்குத் திரையரங்கு என்றால் இன்று டாக்டர் யூசுஃப் டாடூ தெரு எனப்படும் கிரே தெருவும் அதன் சுற்றுவட்டாரமும்தான். அவலான், ஷாஜஹான் போன்ற அரங்குகளின் பெயரைச் சொன்னாலே சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள மூத்தவர்களின் முகம் மலரும். எனவே வீட்டில் ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், படம் போடும் நாளில் அவரையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். புரூஸ் லீ படம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய மாலைகளைப் பற்றி அவர் சொல்லக்கூடியது எந்த வட்டிலும் கிடைக்காது.

கூத்தின் வயிற்றில் பிறந்தவை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஜாக்கி சான், சம்மோ ஹுங், யுவென் பியாவ் ஆகிய மூவரும் ஹாங்காங்கில் யூ ஜிம்-யுவென் என்ற ஆசிரியர் நடத்திய பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் சிறுவயது முதல் வளர்ந்தவர்கள். குட்டிக்கரணம், வாள்வீச்சு, முகபாவம், பாட்டு ஆகிய நான்கையும் அங்கே ஒன்றாகவே கற்றார்கள். கிங் ஹூ இயக்கி 1966இல் வெளியான ‘கம் டிரிங்க் வித் மீ’ படத்தின் நாயகி செங் பெய்-பெய் சண்டைக்கலை கற்றவர் அல்லர், நடனம் பயின்றவர். விடுதிக் காட்சியில் முரடர்கள் சூழ்ந்து நிற்க அவர் அசையாமல் அமர்ந்திருக்கும் விதமும், பிறகு சட்டென்று எழும் வேகமும் நடனக்காரியின் தாளக்கட்டிலிருந்து வருபவை. நம் ஊரில் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் பெற்ற தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வேடக்காரர் நுழைந்தவுடன் கதை நகர்வதில்லை. முதலில் அவர் நின்று, சுற்றி, தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு மத்தளம் இடம் விட வேண்டும். குங்ஃபூ படத்தில் இருவர் மோதுவதற்கு முன் நிலைகொண்டு நிற்பதும், ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு கணம் சிலையாவதும் இதே இலக்கணத்தைச் சேர்ந்தவை. ஒட்டுத்தாடியும் அப்படியே: அது மேடை ஒப்பனை, இவன் யார் என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடும் அடையாளம்.

எந்தப் பிரதியைப் பார்ப்பது என்பதில் கொஞ்சம் கண்டிப்பு தேவை. ஷா பிரதர்ஸ் நிறுவனம் தன் படங்களை ஷாஸ்கோப் என்ற அகலத்திரை முறையில், உயரத்தைப்போல் ஏறக்குறைய 2.35 மடங்கு அகலத்தில் எடுத்தது. அவற்றைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கும் வீடியோ கேசட்டுக்கும் ஏற்பப் பக்கவாட்டில் வெட்டியபோது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட காட்சி போய்விட்டது. ஒருவர் குத்துவது மட்டும் தெரியும், குத்து வாங்குபவர் சட்டகத்துக்கு வெளியே இருப்பார். அந்தப் பிரதிகளைப் பார்த்துவிட்டு இந்தப் படங்களை எடை போடுவது நியாயமே இல்லை. மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரியும் முழு அகலப் பிரதியையே தேடுங்கள். ஷா பிரதர்ஸ் படங்கள் பலவும் செலஸ்டியல் பிக்சர்ஸ் நிறுவனத்தால் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்துள்ளன. மொழியைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். அக்காலத்து ஹாங்காங் படங்களில் பெரும்பாலானவை படப்பிடிப்பில் ஒலி பதியாமலே எடுக்கப்பட்டன, சீனக் குரலும் பின்னால் சேர்க்கப்பட்டதுதான். ஆகவே ஆங்கிலக் குரலோடு பார்த்துப் பழகிய பெரியவர்களுக்கு அதையே போடுங்கள்; தனியாகப் பார்க்கும்போது மாண்டரின் குரலும் துணையுரையும் வைத்துக்கொண்டால் வசனத்தின் ஏற்ற இறக்கம் இன்னும் நன்றாகச் சேரும்.

சண்டை தொடங்கியதும் கைகளைப் பார்க்காதீர்கள், கால்களைப் பாருங்கள். உண்மையில் பயின்றவர் யார், தோற்றத்துக்காக நிறுத்தப்பட்டவர் யார் என்பதை இடுப்புக்குக் கீழே மறைக்க முடியாது. அடுத்ததாக, கத்தரி விழாமல் ஒரு காட்சித்துண்டு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். இருவரின் உடலும் தலைமுதல் கால்வரை தெரிய, பத்துப் பதினைந்து வீச்சுகள் தொடர்ந்து வரும் துண்டுகளில்தான் இந்தப் படங்களின் உயிர் இருக்கிறது. கேமராவைச் சற்றுக் குறைந்த வேகத்தில் ஓட்டி எடுத்து, திரையில் சண்டை விரைவாகத் தெரியும்படி செய்வது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. ஆனால் எந்தத் தந்திரமும் தாளம் தப்பியவனுக்குத் தாளம் கொடுக்காது.

இதைப் பழகிக்கொள்வதற்கு ஏற்றது, புரூஸ் லீ தாமே எழுதி இயக்கிய ‘வே ஆஃப் தி டிராகன்’ (1972) படத்தின் கடைசிச் சண்டை. ரோம் நகரத்துக் கொலோசியத்தில் அவரும் சக் நாரிசும் நேருக்கு நேர் வருகிறார்கள். உடனே மோதல் இல்லை; இருவரும் மேலாடை களைந்து, உடலை முறுக்கி, மூட்டுகளைச் சொடுக்கிச் சூடேற்றிக்கொள்கிறார்கள், ஒரு பூனைக்குட்டி மட்டுமே சாட்சி. தொடக்கத்தில் லீ அடிவாங்கித் தரையில் விழுகிறார். பிறகு அவர் கால் மாறுகிறது: ஊன்றி நின்றவர் துள்ளத் தொடங்குகிறார், எதிராளியின் உதை ஒவ்வொன்றும் காற்றில் போகிறது. வெற்றி தோல்வி திரும்பும் இடம் ஒரு குத்து அல்ல, இந்தக் கால்மாற்றம்தான். முடிவில் இறந்த எதிரியின் உடல்மேல் அவனுடைய சட்டையையும் இடைக்கச்சையையும் போர்த்தி லீ மண்டியிடுகிறார். முதல்முறை ஒலியோடும், இரண்டாம்முறை ஒலியை அடைத்துவிட்டும் பார்த்தால் நான் சொல்வது தெளிவாகும்.

பயிற்சிக் காட்சிகளை ஓட்டிவிட்டுச் சண்டைக்குத் தாவுவது பலருடைய பழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லாவ் கார்-லியுங் இயக்கிய ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ (1978) படத்தின் நடுப்பகுதி முழுவதும் பயிற்சிதான், படத்தின் செல்வமும் அதுதான். கோர்டன் லியூ ஏற்ற சான் டே என்ற இளைஞன், உணவுக்கூடத்துக்குப் போகத் தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டுமேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். தவறினால் குளியல், சோறும் கிடையாது. இன்னோர் அறையில் இரு கைகளிலும் நீர்வாளி சுமந்து ஏற வேண்டும். கை தளர்ந்து தாழ்ந்தால் மேற்கையில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். ஒவ்வொரு அறையும் உடலின் ஓர் உறுப்பை எடுத்துத் தீட்டுகிறது. இயக்குநரின் தந்தை லாவ் சாம், புகழ்பெற்ற குங்ஃபூ ஆசான் வோங் ஃபெய்-ஹுங்கின் சீடரான லாம் சாய்-விங்கிடம் பயின்றவர். குருவழியாக வந்த வித்தையைச் சொல்பவருக்குப் பயிற்சியே கதையாவதில் வியப்பில்லை. காவடி விரதம் நோற்றவர்களுக்கும், வீணையோ மிருதங்கமோ ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்தவர்களுக்கும் இந்தப் பகுதி நெருக்கமாகப் படும்.

‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’ (1972) படத்தை நம் நாட்டில் வேறு யாரும் பார்ப்பதுபோல் பார்க்க முடியாது. ஷாங்காய்ப் பூங்கா வாசலில் நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதி இல்லை என்ற பலகை தொங்குகிறது. தலைப்பாகை கட்டிய இந்தியக் காவலாளி ஒருவர் அதைச் சுட்டிக்காட்டி நாயகனைத் தடுக்கிறார். புரூஸ் லீ எம்பி உதைத்து அந்தப் பலகையைக் காற்றிலேயே நொறுக்குகிறார். 1953ஆம் ஆண்டு இனஒதுக்கல் சட்டத்தின்கீழ் கடற்கரையிலும் பூங்கா நாற்காலியிலும் வெள்ளையருக்கு மட்டும் என்ற பலகைகளைக் கடந்து நடந்தவர்களுக்கு இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை. பிள்ளைகளுக்குத் தேவை. இங்கே படத்தைச் சற்று நிறுத்தி, அந்தப் பலகைகள் டர்பனில் எங்கெங்கே இருந்தன என்பதைப் பெரியவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் காவலாளி ஏன் இந்தியராக இருக்கிறார் என்பதையும் பேசுங்கள், பேச வேண்டிய செய்தி அது.

சிறு பிள்ளைகளுக்கு முதலில் ‘ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்’ (1978) காட்டலாம். சீனக் கணவனும் ஜப்பானிய மனைவியும் யாருடைய வித்தை பெரிது என்று தொடங்கும் வீட்டுச் சண்டை, இரு நாட்டு ஆசான்களின் போட்டியாக வளரும், ஆனால் ஒருவரும் சாவதில்லை. சாங் செ இயக்கிய படங்களில் குருதி மிகுதி என்பதால் அவற்றைப் பிள்ளைகள் வளர்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலம்பம் சுற்றத் தெரிந்தவர்களும் எம்.ஜி.ஆர். கம்பு சுற்றும் காட்சிகளில் மனத்தைப் பறிகொடுத்தவர்களும் ‘தி எய்ட் டயகிராம் போல் ஃபைட்டர்’ (1984) படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஆனால் கடைசியில். போரில் சகோதரர்களை இழந்த வீரன் தன் ஈட்டியின் முனையை வெட்டி எறிந்து அதைக் கம்பாக்கிக்கொள்வதும், அடுக்கிய சவப்பெட்டிகளின் நடுவே நடக்கும் இறுதிச் சண்டையும் கம்பின் எல்லாப் பிடிகளையும் காட்டிவிடுகின்றன. படத்தின் முக்கிய நடிகர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஃபூ ஷெங் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1983 ஜூலையில் கார் விபத்தில் இறந்துபோனார், அதனால் கதையை மாற்ற வேண்டியதாயிற்று. அவர் ஏற்ற பாத்திரம் பாதியில் மறைந்துபோவதன் காரணத்தைப் படம் தொடங்குவதற்கு முன்பே உடன் பார்ப்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.