ஒரே பேனல் மீட்டரில் வெப்பமானியும் வோல்ட்மீட்டரும்

அறையின் வெப்பநிலையையும் பேட்டரியின் மின்னழுத்தத்தையும் ஒரே நொடியில் பார்க்க வேண்டிய தேவை அரிதாகவே வரும். ஆகவே இரண்டு கருவிகளுக்கும் தனித்தனி டிஸ்பிளே வாங்காமல், ஒன்றையே சுவிட்ச் மூலம் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். இதற்கு ஐசிஎல்7106 சிப் (மின்னழுத்தத்தை அளந்து எண்ணாகக் காட்டும் சிப்) கொண்ட 200 மில்லிவோல்ட் எல்சிடி பேனல் மீட்டர், எல்எம்35 வெப்ப உணரி, 4 போல் 3 வே ரோட்டரி சுவிட்ச் (நான்கு தனித்தனி இணைப்புகளை ஒரே திருப்பலில் மூன்று நிலைகளுக்கு மாற்றுவது), இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள், சில ரெசிஸ்டர்கள், இரண்டு பிரீசெட்டுகள் (திருப்பி மதிப்பை மாற்றக்கூடிய சிறிய ரெசிஸ்டர்கள்) ஆகியவை போதும்.

முதல் படி: இரண்டையும் ஒரே அளவுக்குள் கொண்டுவருதல்

இந்த மீட்டர் 199.9 மில்லிவோல்ட் வரைதான் காட்டும்; அதைத் தாண்டினால் இடது ஓரத்தில் 1 மட்டும் நின்று, மற்ற இலக்கங்கள் மறைந்துவிடும். எல்எம்35 ஒரு டிகிரி செல்சியசுக்கு 10 மில்லிவோல்ட் தருவதால், 30 டிகிரியில் 300 மில்லிவோல்ட் வந்துவிடும். எனவே அதன் வெளியீட்டிலிருந்து 82 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 20 கிலோ ஓம் பிரீசெட்டையும் தொடராக இணைத்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் வைத்துப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறோம். வோல்ட்மீட்டருக்கு நூறில் ஒரு பங்கு வேண்டும். மேலே 910 கிலோ ஓமும் 100 கிலோ ஓம் பிரீசெட்டும், கீழே 10 கிலோ ஓமும் வைத்தால் 19.99 வோல்ட் வரை அளக்கலாம். இதை வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள்.

இரண்டாம் படி: சுவிட்ச்

மல்டிமீட்டரை பஸர் நிலையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில்) வைத்து, சுவிட்சின் நான்கு பொதுக் கால்களையும் முதலில் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் போல் சிக்னலுக்கு, இரண்டாவது கிரவுண்டுக்கு, மூன்றாவது தசமப் புள்ளிக்கு, நான்காவது எல்எம்35இன் பேட்டரி இணைப்புக்கு. வெப்பமானியை முதல் நிலையிலும் வோல்ட்மீட்டரை மூன்றாம் நிலையிலும் இணைத்து, நடு நிலையைக் காலியாக விடுங்கள். அந்தக் காலி நிலையில் எண்கள் தாமாக அலையாமல் இருக்க, மீட்டரின் இரண்டு இன்புட்டுகளுக்கும் குறுக்கே ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டரைச் சாலிடர் செய்ய வேண்டும்.

தசமப் புள்ளியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெப்பநிலைக்கு 31.2 என்றும் மின்னழுத்தத்துக்கு 12.45 என்றும் தெரிய வேண்டுமென்றால் புள்ளியும் இடம் மாறியாக வேண்டும். மீட்டரின் பின்புறத்தில் புள்ளிக்கென உள்ள பேடுகளிலிருந்து (வயரைச் சாலிடர் செய்யும் சிறு உலோகத் திட்டுகளிலிருந்து) குட்டையான வயர்களை எடுத்து மூன்றாவது போலில் இணையுங்கள். பேட்டரி மின்சாரத்தை அந்தப் பேடுகளுக்கு நேரடியாகக் கொடுக்கக் கூடாது. நேர்மின்னோட்டம் எல்சிடியைக் கெடுத்துவிடும்.

மூன்றாம் படி: பேட்டரிகள்

நான் முதலில் செய்தபோது, மீட்டருக்கும் எல்எம்35க்கும் ஒரே பேட்டரியைக் கொடுத்தேன். டிஸ்பிளேயில் 1 மட்டுமே நின்றது. உணரி பழுது என்று நினைத்து இரண்டு எல்எம்35களை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. காரணம் உணரியில் இல்லை: ஐசிஎல்7106 தன் அளவீட்டுக்கான பொதுப் புள்ளியை, பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஏறத்தாழ 2.8 வோல்ட் கீழே தானே அமைத்துக்கொள்கிறது. அதைப் பேட்டரியின் எதிர்முனையுடன் சேர்த்தால் அளவீடு குலைந்துவிடும். ஆகவே மீட்டருக்குத் தனிப் பேட்டரி கட்டாயம். எல்எம்35 எடுக்கும் மின்னோட்டம் 60 மைக்ரோஆம்பியருக்கும் குறைவு என்பதால், அதன் பேட்டரி நெடுநாள் உழைக்கும். உணரியின் தட்டையான பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக நேர்முனை, வெளியீடு, கிரவுண்ட் என்று கால்கள் அமையும். தலைகீழாக இணைத்தால் அது கைசுடும் அளவுக்குச் சூடாகிவிடும்.

நான்காம் படி: சரிபார்த்தல்

எல்எம்35இன் வெளியீட்டை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். அது 312 மில்லிவோல்ட் என்றால், நம் டிஸ்பிளே 31.2 காட்டும்வரை 20 கிலோ ஓம் பிரீசெட்டை மெல்லத் திருப்புங்கள். பிறகு சுவிட்சை மூன்றாம் நிலைக்கு மாற்றி, வேறொரு 9 வோல்ட் பேட்டரியை மல்டிமீட்டரிலும் நம் கருவியிலும் அளந்து, இரண்டும் ஒத்துவரும்வரை 100 கிலோ ஓம் பிரீசெட்டைச் சரிசெய்யுங்கள். 1 மெகா ஓம் ரெசிஸ்டரால் வரும் சிறிய பிழையும் இதிலேயே நேராகிவிடும். இரண்டு பிரீசெட்டுகளின் மேலும் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிட்டால், அவை அசைந்து அளவு மாறாது.