பச்சை அடாப்டருக்குள் நீல முனை

குளச்சலில் ஒரு வீடு. ஃபைபர் வழியாக நெட்டும் கேபிள் டிவியும் வருகிறது. நெட் அடிக்கடி விட்டுப்போகும், டிவி படம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு தடவை மோடம் பெட்டியை மாற்றினேன், தீரவில்லை. "மக்ளே, மழையும் இல்ல, காத்தும் இல்ல, பின்ன எதுக்கு இப்படி?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டபோது வருத்தமாக இருந்தது. அவர் மகன் வளைகுடாவில் இருக்கிறார். வீடியோ காலில்தான் முகம் பார்க்கிறார்.

மூன்றாம் தடவை, வரும் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டர் வைத்தேன். மைனஸ் 26 டிபிஎம். டிபிஎம் என்பது ஒளியின் பலத்துக்கான அளவு; மைனஸுக்குப் பின் வரும் எண் கூடக்கூட ஒளி குறைவு. அந்தப் பெட்டி மைனஸ் 27 வரைதான் தாங்கும். டார்ச் அடித்துப் பார்த்தால், சுவர்ப் பெட்டியில் இரண்டு ஃபைபர் முனைகளைச் சேர்க்கும் பச்சை அடாப்டரில், பச்சை முனைக்கு எதிரே நீல முனை பேட்ச் கார்டை (மோடத்துக்குப் போகும் சின்ன ஃபைபர் ஒயர்) செருகியிருக்கிறார்கள்!

பச்சை முனை 8 டிகிரி சரிவாகத் தீட்டியது. அதில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணாடி இழையின் மையத்தை விட்டு விலகிவிடும். நீல முனைக்குச் சரிவு கிடையாது. இரண்டையும் சேர்த்தால் முகங்கள் ஒட்டாமல் நடுவே காற்று நிற்கும். வரும் ஒளியில் பெரும்பங்கு அங்கேயே வீணாகும். மோடம் அனுப்பும் ஒளியிலோ சுமார் 4 சதவீதம் அதன் லேசருக்கே திரும்பி வந்து குழப்பும். பெட்டியை எத்தனை தடவை மாற்றி என்ன பயன்?

சரி, மோடம் பக்கம் நீலம், சுவர்ப் பக்கம் பச்சை என்று இருக்கும் கார்டாகப் போட்டேன். அடாப்டரையும் மாற்றி, வீட்டுப் பக்க முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். கடலோரம் என்பதால் இந்தத் துடைப்பை நான் விடுவதே இல்லை. மீட்டரில் மைனஸ் 19.

அன்று ராத்திரியே மகனோடு ஒரு மணி நேரம் பேசினாராம்.