ஒரு வாரத்தில் வீடு பழுதுபார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை வந்தால் அமெரிக்கத் தேவாலயங்கள் பலவற்றிலிருந்து தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜுக்கு வேன்கள் கிளம்பும். அது ஓக்லாலா லகோட்டா பழங்குடியினரின் பகுதி. குழுவினர் ஒரு வாரம் தங்கிக் கூரை ஒட்டுவார்கள், படிக்கட்டு கட்டுவார்கள், கட்டில் செய்து கொடுப்பார்கள். இரண்டு கோடைகளில் நானும் போயிருக்கிறேன். நல்ல மனத்தோடு போனவர்கள் செய்த தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, கேட்காமல் சுத்தம் செய்வது. நாங்கள் போன முதல் நாள், வண்டியில் இழுத்துவந்து நிறுத்தும் டிரெய்லர் வீடு ஒன்றில் வசித்த ஒரு பாட்டியின் கூரைமேல் பழைய டயர்கள் ஏழெட்டுக் கிடந்தன. குப்பை என்று நினைத்து எங்கள் பையன்கள் இரண்டைக் கீழே இறக்கிவிட்டார்கள். பாட்டி வாசலுக்கு வந்து, "அவை மேலேயே இருக்கட்டும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு காற்று அடித்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. மரமில்லாத புல்வெளியில் காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கி அடிக்கும். டயர்களின் எடைதான் அதை அழுத்திப் பிடிக்கிறது. முற்றத்தில் ஓடாமல் நிற்கும் காரும் வீணாகக் கிடப்பதில்லை, ஓடும் காருக்கு உதிரிபாகம் அதிலிருந்துதான் வரும். வீட்டுக்குப் பின்னால் வில்லோக் கொம்புகளை வளைத்துக் கட்டிய குடிலின் சட்டம் தெரிந்தால், அது இனிபி என்னும் வியர்வைச் சடங்குக்கான இடம். அதைத் தொடவோ படம் எடுக்கவோ வேண்டாம்.

சுத்தியலோடு பிரசங்கத்தையும் கொண்டுபோவது அதைவிடப் பெரிய தவறு. நானும் கிறிஸ்தவன்தான், அதனாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். 1883-இல் வந்த அரசு விதிகள் சூரிய நடனம் போன்ற இவர்களின் சடங்குகளைக் குற்றமாக்கின. தேவாலயங்களும் அரசும் நடத்திய விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். பழங்குடியினரின் வழிபாட்டு உரிமைக்கென்று ஒரு சட்டம் வர 1978 ஆகிவிட்டது. 2022-இல்கூட, லகோட்டா நம்பிக்கையை இழிவுபடுத்தும் துண்டறிக்கையை ஒரு மிஷனரி கொடுத்ததால், பழங்குடி மன்றம் அவரை வெளியேற்றி, மற்ற மிஷன் வேலைகளையும் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. கூரை ஒழுகும் வீட்டுக்காரரை நடுவில் நிற்கவைத்து ஜெபத்துக்கு அழைத்தால், அவரால் எப்படி மறுக்க முடியும்?

வேலையைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறு நடக்கிறது. குழுக்களுக்கு வண்ணம் அடிப்பது பிடிக்கும், முன்பும் பின்பும் எடுத்த படங்கள் அழகாக இருக்கும். ஆனால் பூஞ்சை பிடித்த சுவரில், ஒழுகலை அடைக்காமல் வண்ணம் பூசினால் சில வாரங்களில் பூஞ்சை மறுபடி வெளியே வரும். அதே வீட்டில் குழந்தைகள் மூச்சு விட வேண்டும். 1978-க்கு முந்திய வீடாக இருந்தால் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தில் கணக்கு முக்கியம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வாசல் இரண்டரை அடி உயரத்தில் இருந்தால் 30 அடி. மரம் போதவில்லை என்று 18 அடியில் முடித்தால், பனி உறைந்த காலையில் அதில் யாராலும் இறங்க முடியாது. மரம் வரும்வரை தொடங்காமல் இருப்பதே நல்லது.

வீடு பழங்குடி வீட்டுவசதி அமைப்புக்குச் சொந்தமாக இருக்கலாம், எனவே சுவரில் கைவைக்குமுன் அனுமதி கேளுங்கள். வீட்டில் பத்துப் பேர் இருந்தால் ஏன் என்று விசாரிக்காதீர்கள். தியோஷ்பாயே என்று சொல்லும் பெரிய குடும்பத்தில், இடமில்லாத உறவினரை வெளியே விடமாட்டார்கள். அடுக்குக் கட்டில் எத்தனை வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

அங்கே எல்லாவற்றையும்விட அவசரமான வேலை ஸ்கர்ட்டிங், அதாவது வீட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றி அடைப்பது. டிரெய்லர் வீடு கட்டைகளின்மேல் நிற்பதால் அடியில் காற்று புகுந்து வெளியேறும். குளிர்காலத்தில் வெப்பம் சுழியத்துக்குக் கீழே இருபது டிகிரிக்கும் இறங்குவதுண்டு. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும், எவ்வளவு எரிபொருள் வாங்கினாலும் வீட்டுத் தரை சூடாகாது. வீட்டைச் சுற்றி அடிப்பக்கத்தைப் பலகையாலும் வெப்பக்காப்பு அட்டையாலும் அடைத்தால் இரண்டுமே குறையும். இதைப் படமெடுத்தால் எடுப்பாக இருக்காது என்பதால் பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். நாங்களும் வியாழக்கிழமைதான் தொடங்கினோம். வெள்ளி மாலை கடைசிப் பலகையை அடித்து, கருவிகளை வேனில் ஏற்றியாகிவிட்டது. பாட்டியின் பேரன் வீட்டை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வந்து, "குழாய் உறைந்தால் நான் எந்த வழியாக உள்ளே போவேன்?" என்று கேட்டான். கருவிப் பெட்டியைத் திரும்ப இறக்கினோம். குழாய் இருக்கும் பக்கத்தில் ஒரு பலகையைக் கழற்றி, அவன் படுத்து நுழைந்து பார்த்து அளவு சொல்ல, கைவிளக்கு வெளிச்சத்தில் கீல் போட்டு மாட்டினோம்.