பழைய அச்சு நூல்களைப் பட்டியலிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது, பேனாவைக் கிட்டே கொண்டுவரக் கூடாது என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். சென்னை நூலகங்களின் அரிய நூல் பிரிவுக்கு வரும் புதியவர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

வருடம்

தலைப்புப் பக்கத்தின் அடியில் 'தாது௵ மாசி௴' என்று இருக்கும். ௵ வருடக்குறி, ௴ மாதக்குறி. தாது என்றதும் தாது வருடப் பஞ்சம் நினைவுக்கு வர, 1876 என்று போட்டுவிடுகிறார்கள். தமிழ் வருடம் பிறப்பது சித்திரையில். தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஆக அது 1877. மார்கழி என்றால் தேதியும் வேண்டும். மாதமே இல்லையா? [1876 அல்லது 1877] என்று சதுர அடைப்புக்குள் எழுதி, மார்க் (நூல் பதிவுகளைக் கணினியில் எண்ணிட்ட புலங்களாக எழுதும் வடிவம்) 008ஆம் புலத்தில், ஆண்டு உறுதியில்லை என்பதைக் குறிக்கும் 'க்யூ' வகையில் இரண்டு ஆண்டையும் கொடுங்கள்.

இதைவிட எரிச்சலூட்டுவது சுற்றையே தவறவிடுவது. தாது 1816, 1876, 1936 என்று அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பும். 1816 என்று பதிந்தால் சாதாரண மறுபதிப்புகூட பூட்டிய அலமாரிக்குப் போய்விடும், மின்னாக்க வரிசையில் முந்திக்கொள்ளும். அதற்குள் நாலு நூலகங்கள் பதிவை நகலெடுத்திருக்கும். நீங்கள் திருத்தினாலும் நகல்கள் திருந்தாது.

சாலிவாகன சகாப்த ஆண்டு எண்ணும் அச்சிட்டிருந்தால் 78 கூட்டுங்கள்: 1798 என்றால் 1876இல் பிறந்த தாது. இல்லையென்றால் அச்சுக்கூடத்தைப் பாருங்கள். 1835இல் அச்சுக்கூடங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கிய பிறகுதான் நம்மவர் அச்சுக்கூடங்கள் பெருகின. அச்சிட்டவர் பெயரும் இடமும் நூலில் இருக்க வேண்டும் என்றது 1867ஆம் ஆண்டுச் சட்டம். ஏகார ஓகாரத்துக்குத் தனிக்குறி இல்லாமல் குறிலாகவே அச்சிட்டிருந்தால் முந்தைய சுற்றின் பக்கம் சாயலாம். யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய வடிவ ணை, லை, னையை நம்ப வேண்டாம். அவை 1978 அரசாணை வரை புழங்கியவை.

கையெழுத்துத் தேதி

வாங்கியவர் போட்டது. அச்சான தேதி அல்ல.

பதிப்பித்தவர்

'இன்னாரது அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பட்டது' என்றால் அங்கே அச்சானது என்றுதான் பொருள். அச்சுக்கூடக்காரரைப் பதிப்பாசிரியராக 700ஆம் புலத்தில் ஏற்றிவிடாதீர்கள். 'பார்வையிடப்பட்டு', 'பரிசோதித்து' என்ற சொற்களுக்கு முன்னால் நிற்கும் பெயரே அந்த இடத்துக்கு உரியது.

தலைப்பு

அச்சில் உள்ளபடியே. இக்கால வடிவம் 246ஆம் புலத்தில்.

கட்டு

ஒரே அட்டைக்குள் ஐந்தாறு குஜிலி நூல்கள் (மலிவு விலைச் சிறு நூல்கள்) இருக்கலாம். முதல் தலைப்பை மட்டும் பதிந்தால் மற்றவை நூலகத்தில் இருந்தும் இல்லாதவையே. கடைசித் தாள்வரை புரட்டுங்கள். பக்க எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் இடத்தில் நின்று, தலைப்புப் பக்கம் கிழிந்துபோயிருக்கிறதா என்று தையலோரம் பாருங்கள். தனி நூல்தான் என்று உறுதியானால் தனிப் பதிவு. உடன் கட்டப்பட்டவை 501ஆம் புலத்தில்.