வீட்டில் ஒருவருக்குக் கொரோனா வந்தால்: முதலில் காற்று, பிறகு துடைப்பம்

குடும்பம் முழுவதும் வீட்டுக்குள் இருக்கும்போது ஒருவருக்குத் தொற்று வந்துவிட்டால், உடனே எல்லோரும் துடைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மேசை, தாழ்ப்பாள், சுவிட்ச் எல்லாம் பளபளக்கும். நோயாளியின் அறைக் கதவோ பாதி திறந்தே கிடக்கும். கொரோனா கிருமி பெரும்பாலும் மூச்சுக் காற்றில்தான் பரவுகிறது. அதனால் முதல் அரை மணி நேர வேலை, அந்த அறைக் காற்று வீட்டுக்குள் வராமல் வெளியே போக வழிசெய்வது.

ஜன்னல் உள்ள அறையாகப் பாருங்கள். ஒட்டினாற்போல் குளியலறை இருந்தால் இன்னும் நல்லது. ஜன்னலைத் திறந்து, மேசை விசிறியை வெளியே பார்க்கும்படி ஜன்னலில் வையுங்கள். விசிறியைச் சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடையுங்கள். இல்லாவிட்டால் தள்ளிய காற்று அந்த வழியாகவே திரும்பி வரும். குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கட்டும். அறைக் கதவை மூடிவிட்டு, கூடத்து ஜன்னல் ஒன்றைத் திறந்து வையுங்கள். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க டிஷ்யூ காகிதத்தில் ஒரு மெல்லிய கீற்று போதும். மூடிய கதவின் அடி இடுக்கருகே, வெளிப்பக்கத்தில் பிடியுங்கள். கீற்று அறைப் பக்கம் இழுபட்டால் நல்லது. உங்கள் பக்கம் பறந்தால் அறைக் காற்று வீட்டுக்குள் வருகிறது. இதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். ஒன்று, வெளிக்காற்று ஜன்னல் வழியாக உள்ளே அடிக்கிறது. இன்னொன்று, யாருக்கும் சட்டென்று தோன்றாதது: சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன். வீட்டின் மற்ற ஜன்னல்கள் மூடியிருக்கும்போது அது நோயாளியின் அறையிலிருந்துகூடக் காற்றை உறிஞ்சும். சமைக்கும்போது சமையலறை ஜன்னலையும் திறந்து வைத்தால் சரியாகிவிடும். காற்று திசை மாறிய நாட்களில் கீற்றை மறுபடி பிடித்துப் பாருங்கள். சரிவரவே இல்லையென்றால் கதவின் அடியில் துண்டைச் சுருட்டி அடைத்துவிடுங்கள்.

கூரையில் தொங்கும் மின்விசிறி காற்றைக் கலக்குமே தவிர வெளியேற்றாது. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது.

தனி அறைக்கு வழியில்லாத வீடுகளும் உண்டு. அங்கே நோயாளியின் படுக்கையை, காற்று வெளியேறும் ஜன்னலருகே போடுங்கள். மற்றவர்கள் காற்று உள்ளே வரும் பக்கம், முடிந்த அளவு தள்ளி, தலைமாடு எதிர்த்திசையில் இருக்கும்படி படுக்க வேண்டும். கழிப்பறை ஒன்றுதான் என்றால் மற்றவர்கள் முதலில், நோயாளி கடைசியில். அவர் வெளியே வந்தபின் கழிப்பறை ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள்.

சாப்பாட்டைக் கதவருகே ஒரு ஸ்டூலில் வைத்து, தட்டிவிட்டு விலகுங்கள். பேச வேண்டியதைப் போனில் பேசலாம். உள்ளே போக வேண்டியவர் ஒருவரே போகட்டும். வயதானவரும் கர்ப்பிணியும் வேண்டாம். போகிறவருக்கு என்95 மாஸ்க், நோயாளிக்கும் மாஸ்க். மூக்குப் பாலத்தில் கம்பியை அழுத்தி, மூச்சு விட்டுப் பாருங்கள்; கண்ணுக்குக் கீழே காற்றுப் பட்டால் மாஸ்க் சரியாகப் பொருந்தவில்லை. என்95-ஐத் துவைக்கக் கூடாது. அதன் இழைகளில் உள்ள மின்னூட்டம்தான் நுண்துகளைப் பிடிக்கிறது. சோப்பில் நனைந்தால் அது போய்விடும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் தவறான எண்ணைப் பார்த்துப் பதறுவது அடிக்கடி நடக்கும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பாருங்கள். நகப்பூச்சு இருக்கக் கூடாது. விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். கையை அசைக்காமல், எண் ஒரு நிமிடம் நிலைக்கும்வரை காத்திருங்கள். முதலில் தோன்றும் எண்ணைக் குறிக்க வேண்டாம். காலை, மதியம், இரவு என்று நேரத்தோடு எழுதி வையுங்கள். திரும்பப் பார்த்தும் 94 அல்லது அதற்குக் கீழே என்றால் மருத்துவரை அழையுங்கள். 90-க்குக் கீழே என்றால் உடனே மருத்துவமனை. கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே மூச்சுத் திணறல், நெஞ்சில் விடாத வலி, குழப்பமான பேச்சு, எழுப்பினால் எழாத மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். இரண்டாவது வாரம் நெருங்கும்போது திடீரென்று மோசமாகலாம். காய்ச்சல் விட்டதும் குறிப்பேட்டை மூடிவிட வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்தால், பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்க வேண்டும். பல சளி மாத்திரைகளிலும் இதே மருந்து கலந்திருக்கும். அட்டையைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் ஆபத்து.

இனித் துடைக்கலாம். கை படும் இடங்களை முதலில் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அழுக்கிருந்தால் பிளீச்சின் வீரியம் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு 5 சதவீதப் பிளீச் 20 மில்லியை 1 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் கலந்து பூசி, 10 நிமிடம் விட்டு, வெறும் தண்ணீரால் துடைத்தெடுங்கள். உலோகம் துருப்பிடிக்கும் என்பதால் இந்தக் கடைசித் துடைப்பு அவசியம். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். அமிலம் கலந்த கழிப்பறை கிளீனருடன் பிளீச்சைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சுத் திணறும் ஒருவர் இருக்கும் வீட்டில் அதைவிடக் கெடுதல் வேறில்லை.

அறையை விட்டு எப்போது வெளியே வரலாம்? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு: அறிகுறி தொடங்கியதிலிருந்து 10 நாள், அதோடு அறிகுறியில்லாமல் குறைந்தது 3 நாள். உங்கள் பகுதியின் சுகாதாரத் துறை வேறு எண்ணிக்கை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். வெளியே வரும் நாளில் படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்து, துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரில் துவையுங்கள். ஜன்னல் விசிறி அன்று முழுவதும் ஓடட்டும்.