கரடுமுரடான தகுதி நிலப்பரப்பு: புரதப் பரிணாமத்தில் சறுக்கும் இடங்கள்

ஒவ்வொரு புரத வரிசையும் (அமினோ அமிலங்கள் அடுக்கப்பட்ட முறை) எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை உயரமாகக் குறித்தால் கிடைப்பதே தகுதி நிலப்பரப்பு. இதன் மூலப் படத்தை 1932-இல் முன்வைத்தவர் மரபியலாளர் சீவால் ரைட். காலாப்பட்டிலோ சிதம்பரத்திலோ முதுகலைத் திட்டப்பணிக்கு இதை எடுப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் படத்திலேயே சறுக்குகிறார்கள்.

கடலூர் கேப்பர் மலையில் மழை அரித்த செம்மண் பள்ளங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் நின்றால், இறங்காமல் அடுத்த மேட்டுக்குப் போக முடியாது. புரதமும் இப்படித்தான் சிறு உச்சியில் மாட்டிக்கொள்ளும் என்பது பாதி உண்மைதான். டெம்-1 பீட்டா லாக்டமேஸ், பாக்டீரியாவில் ஆன்டிபயாடிக் மருந்தை உடைக்கும் நொதி. 263 அமினோ அமிலங்கள் கொண்ட இதன் ஒவ்வொரு இடத்திலும் வேறு 19 அமினோ அமிலங்கள் வரலாம் என்பதால், ஒரே மாற்றத்தில் எட்டும் அண்டை வரிசைகள் 263 × 19, அதாவது 4,997. ஒரு பக்கம் பள்ளம் என்றாலும் சுற்றிப்போக வழி இருக்கலாம். அதற்காக 4,997 வழியும் திறந்திருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கோடானில் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று டிஎன்ஏ எழுத்துகள்) ஒரு எழுத்து மாறினால் கிடைப்பது சுமார் 6 வேறு அமினோ அமிலங்கள் மட்டுமே.

அடுத்த தவறு, தனித்தனியாக நல்ல பலன் தந்த மாற்றங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, பலனும் கூடும் என்று காத்திருப்பது. ஒரு மாற்றத்தின் பலன் மற்றது இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, இதுவே எபிஸ்டாசிஸ். டெம்-1-இல் ஜி238எஸ் என்ற மாற்றம் (238-ஆம் இடத்தில் ஜி என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் எஸ்) செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக்கை உடைக்க உதவும், ஆனால் புரதத்தின் நிலைத்தன்மையைக் குறைக்கும். எம்182டி என்ற இன்னொரு மாற்றம் தனியாகப் பெரிதாக எதுவும் செய்யாது. ஜி238எஸ்-உடன் சேரும்போது அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. தனிச் சோதனையில் தோற்றதென்று எம்182டி-யைத் தூக்கி எறிந்திருந்தால் வழியே அடைபட்டிருக்கும். 2006-இல் டேனியல் வைன்ரிச் குழு இந்த மரபணுவின் 5 மாற்றங்களை ஆராய்ந்தது. அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சேரக்கூடிய 120 வழிகளில் 18-இல் மட்டுமே ஒவ்வொரு படியிலும் மருந்து எதிர்ப்பு கூடியது.

இல்லாத கரடுமுரடை நாமே உண்டாக்குவதும் நடக்கிறது. எம்ஐசி (பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவு) அளவீடு இரட்டிப்பு நீர்த்தலில் போகிறது, அதாவது ஒவ்வொரு படியிலும் செறிவு இரு மடங்காக மாறும். ஒரு படி முன்பின் ஆவது சகஜம். ஒரே ஒரு படி வித்தியாசத்தை வைத்து உச்சி என்று அறிவிக்காதீர்கள், குறைந்தது மூன்று முறை அளவிடுங்கள். கணக்கை மடக்கையில் போடுங்கள்: தலா 4 மடங்கு தரும் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தால் எதிர்பார்க்க வேண்டியது 16, 8 அல்ல. கூட்டல் கணக்கில் பார்த்தால் சாதாரண 16 கூட எபிஸ்டாசிஸ் போலத் தெரியும்.

ஒரு இடத்தில் எல்லா அமினோ அமிலங்களும் வரும்படி கோடான்களைக் கலந்து செய்யும் மாற்றுவடிவத் தொகுப்பு என்என்கே நூலகம். அதில் ஒரு இடத்துக்கு 32 கோடான்கள். குறிப்பிட்ட ஒரு கோடான் கையில் சிக்க 95% வாய்ப்பு வேண்டி 94 குளோன்கள் (ஒவ்வொன்றும் ஒரு மாற்றுவடிவம் தாங்கிய பாக்டீரியா வளர்ப்பு) எடுத்தால், 96 குழித் தட்டில் கட்டுப்பாட்டுக்கு இரண்டு குழி மிஞ்சும். இரண்டு இடங்களை ஒன்றாக மாற்றினால் 1,024 சேர்க்கைகள், சுமார் 3,000 குளோன்கள். இங்கேதான் பலர் இரண்டு தட்டோடு நிறுத்திவிட்டு, நல்லது எதுவும் இல்லை என்கிறார்கள். அவ்வளவு தட்டுக்கு வசதி இல்லையென்றால் இடங்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் முதலிடம் பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்ளாமல் மூன்று நான்கு வகைகளையாவது அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோங்கள்.

மருந்தின் பெயர், செறிவு, வெப்பநிலை இல்லாமல் படத்தை வெளியிடாதீர்கள். 30 டிகிரியில் சரியான வடிவத்துக்கு மடிந்துகொள்ளும் புரதம் 37-இல் தடுமாறலாம். அப்போது உச்சிகளின் இடமே மாறிவிடும்.