கலிமாவில் வரும் 'இல்ல' நம்ம ஊர் 'இல்லை' இல்லை

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் ஆச்சி, மஃரிப் பாங்கு, அதாவது சாயங்காலத் தொழுகைக்கான அழைப்பு, முடிந்த கையோடு ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏப்பா, சின்ன வயசுலேர்ந்து கேக்குறேன், அல்லா இல்லே அல்லா இல்லேன்னு ஏன் சொல்றாக? இல்லேன்னா எதுக்குப் பள்ளிவாசலு?" சிரித்துவிட்டேன். ஆச்சி காதில் விழுந்தது பாங்கில் வருகிற 'லா இலாஹ இல்லல்லாஹ்', முஸ்லிம்களின் உறுதிமொழியான கலிமாவின் முதல் பாதி. ஆனால் ஆச்சி மேல் தப்பே இல்லை, தமிழ்க் காதுக்கு அது அப்படித்தான் விழும். மதரஸாவில் ஓதின பிள்ளைகளிலேயே 'இல்லல்லாஹ்'வில் உள்ள 'இல்ல'தான் 'இல்லை' என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் உண்டு. பத்து வயது வரை நானும் அந்தக் கூட்டம்தான்.

சரி, பிரித்துப் பார்ப்போம். லா என்றால் இல்லை. இலாஹ என்றால் வணங்கப்படுகிறவர். இல்லா என்றால் தவிர. இல்லாவும் அல்லாஹ்வும் சேர்ந்தால் இல்லல்லாஹ், 'அல்லாஹ்வைத் தவிர'. மறுப்பு முழுவதும் முதல் 'லா'வில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் அந்த 'லா'வை நீட்டிச் சொல்ல வேண்டும். அவசரத்தில் 'ல' என்று குறுக்கினால் அரபியில் அது மறுப்பாக நிற்காது, 'நிச்சயமாக' என்று அழுத்தம் கொடுக்கிற 'ல' ஆகிவிடும். அப்புறம், 'லா இலாஹ' என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்க நிற்கக் கூடாது. அங்கே நின்றால் 'வணங்கத் தக்கவர் யாருமே இல்லை' என்று தொங்கும், ஆச்சி பயந்த மாதிரியே.

'கடவுள் இல்லை, அல்லாஹ்வைத் தவிர' என்று போகிறபோக்கில் மொழிபெயர்ப்பதும் அரைகுறைதான். உலகத்தில் வணங்கப்படுபவை எத்தனையோ இருக்கின்றன, அது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். கலிமா சொல்வது வணக்கத்துக்கு உரிமையுள்ளவன் யார் என்பதை. 'வணக்கத்துக்கு உரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருமில்லை' என்றால் பொருள் சரியாக உட்காரும். கலிமாவை 'அஷ்ஹது' என்று தொடங்கிச் சொல்வதும் உண்டு. அந்த 'அஷ்ஹது'வை 'நம்புகிறேன்' என்று எழுதுகிறார்கள், அதுவும் போதாது; 'சாட்சி சொல்கிறேன்' என்பதே அந்தச் சொல். ஆச்சிக்கு இதைச் சொன்னதும், "எங்க கல்யாணத்துல இசைகுடிமானம்னு ஒப்பந்தம் எழுதுற மாதிரி, சொன்னா சொன்னதுதான்னு வைங்க" என்றார்கள். நான் யோசித்துவைத்திருந்த உதாரணத்தைவிட அது நன்றாக இருந்தது.

இன்னொரு குழப்பம் தமிழ் எழுத்தால் வருவது. நோட்டில் 'அஷ்ஹது அன் லா இலாஹ' என்று இருக்கும், வாயில் 'அஷ்ஹது அல்லா இலாஹ' என்றுதான் வர வேண்டும், ஏனென்றால் 'ன்' அடுத்த 'லா'வோடு கரைந்துவிடுகிறது. இந்த 'அல்லா' இறைவன் பெயர் இல்லை. முஹம்மது நபியின் பெயரிலும் இதே கதை. மதரஸாவில் சொல்லித்தரும் ஐந்து கலிமாக்களில் முதலாவதில் 'முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்', அதாவது முஹம்மது அல்லாஹ்வின் தூதர். பாங்கில் 'அஷ்ஹது அன்ன' முன்னால் வருவதால் 'முஹம்மதர் ரஸூலுல்லாஹ்'. ரஸூலுக்கு முன் 'அப்துஹு' வந்தால் 'முஹம்மதன் அப்துஹு வ ரஸூலுஹு', அதாவது அவனுடைய அடியாரும் தூதரும். தமிழில் 'அவர்' 'அவரை' ஆவதுபோல அரபியில் கடைசி ஒலி மாறுகிறது, அவ்வளவுதான். 'அர்' என்பது மரியாதை விகுதி, 'அன்' மரியாதைக் குறைவு என்று ஒரு கல்யாண வீட்டில் மணிக்கணக்காக வாதாடினார் ஒருவர், நெய்ச்சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஐந்து கலிமாவையும் ஐந்து கடமைகளையும் குழப்ப வேண்டாம். தய்யிப், ஷஹாதத் என்று போகும் ஐந்தும் மதரஸாவில் மனப்பாடத்துக்காக வரிசைப்படுத்தியவை. கடமைகள் கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ். முதல் கலிமா முழுவதும் குர்ஆனில் ஒரே வசனமாக இருக்கிறது என்பதும் தவறு. முதல் பாதி 37:35, 47:19 வசனங்களில் இருக்கிறது, 'முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்' 48:29இல் தனியாக.

கடைசியாக, அச்சு. எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் மேலே கலிமா போடச் சொல்லியிருந்தேன். கடைக்காரர் கணினியில் அரபு எழுத்துகள் கைகோக்காமல் தனித்தனியாக உடைந்து, வரிசையும் இடமிருந்து வலமாகத் திரும்பிவிட்டது. பார்க்க அரபி மாதிரியே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, 300 பத்திரிகை அடித்து, முதல் பத்திரிகையை மார்க்கம் படித்த ஹஜ்ரத்திடம் கொடுத்தபோதுதான் அவர் முகம் மாறியது. அரபி தெரியாதவர்களும் பிழை பிடிக்க அவர் ஒரு வழி சொன்னார். 'லா இலாஹ இல்லல்லாஹ்' முழுவதும் அலிஃப், லாம், ஹா என்ற மூன்றே எழுத்துகள். 'முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்'வையும் சேர்த்தால்கூட எந்த எழுத்துக்கும் புள்ளியே கிடையாது. ஸபர், பேஷ் மாதிரி உயிரொலிக் குறிகளை விட்டுவிட்டுப் பாருங்கள், எங்காவது புள்ளி தெரிந்தால் தப்பு. என் பத்திரிகையில் கடைசி ஹா தலையில் இரண்டு புள்ளி உட்கார்ந்திருந்தது. மறுபடி அடித்த காசு என் தலையில்தான், மாதிரியைப் பார்த்து 'ஓகே' சொன்னது நான்தானே.